திங்கட்கிழமை என்ன ஆகும்? எண்பதுகளின் அமெரிக்கப் பள்ளிப் படங்களில் குழுக்களும் காதலும்

வடக்குவீதி (இழையைத் தொடங்கியவர்)

எண்பதுகளில் வந்த அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த பிள்ளைகளைக் காதல் ஒன்று சேர்த்து வைக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். அண்மையில் அவற்றில் சிலவற்றை வரிசையாக மறுபடி பார்த்தபோது, எனக்கு நேர் எதிரான எண்ணமே வலுத்தது. இந்தப் படங்களில் காதல் எந்தச் சுவரையும் இடிப்பதில்லை. ஒருவரை மட்டும் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

1985 பிப்ரவரியில் வெளியான 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான் ஹியூஸ் எழுதி இயக்கிய அந்தப் படத்தில், இல்லினாய் மாநிலத்தின் ஷெர்மர் என்ற கற்பனை ஊரில், 1984 மார்ச் 24, சனிக்கிழமையன்று, தண்டனையாக நூலகத்தில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து மாணவர்கள் ஒரு பகல் முழுவதும் பேசித் தீர்க்கிறார்கள். மல்யுத்த வீரன், பணக்கார வீட்டுச் செல்லப்பெண், படிப்பாளி, பொறுக்கி என்று பெயரெடுத்தவன், யாரோடும் சேராத விசித்திரப் பெண் என ஐந்து பேரும் ஐந்து திசை. பிற்பகலில் படிப்பாளியான பிரையன், திங்கட்கிழமை நாம் என்ன ஆவோம், அப்போதும் நண்பர்களாக இருப்போமா என்று கேட்கிறான். செல்லப்பெண்ணான கிளேர் பொய் சொல்வதில்லை. மல்யுத்த வீரன் ஆண்ட்ரூவைப் பார்த்து, வழியில் பிரையன் எதிரே வந்தால் நீ ஒரு வணக்கம் சொல்வாய், அவன் போனதும் உன் கூட்டாளிகளுக்காக அவனையே கிண்டல் செய்வாய் என்கிறாள். எல்லோரும் அவள்மேல் பாய்கிறார்கள். ஆனால், "இல்லை, நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் மட்டுமே.

இதற்குப் பிறகு படம் என்ன செய்கிறது? திங்கட்கிழமையைக் காட்டாமல், இரண்டு ஜோடிகளைச் சேர்த்து வைக்கிறது. கிளேர் தன் வைரத்தோட்டில் ஒன்றைப் பொறுக்கி என்று பெயரெடுத்த பெண்டரின் கையில் கொடுக்கிறாள். விசித்திரப் பெண்ணான அலிசன், ஆண்ட்ரூவின் சட்டையிலிருந்த விளையாட்டுச் சின்னத்தைப் பிய்த்து எடுத்துக்கொள்கிறாள். பிரையனுக்கு ஜோடி இல்லை. ஐவருக்குமான கட்டுரையை உட்கார்ந்து எழுதும் வேலைதான் அவனுக்கு. கேள்வி கேட்டவனுக்கு விடை கிடைக்கவில்லை. கேட்காதவர்களுக்கு முத்தம் கிடைத்தது. குழுவைப் பற்றிய கேள்விக்குக் காதலை விடையாக வைப்பது ஒரு தப்பித்தல் என்பதே என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

தாழ்வாரம்

நண்பருக்கு வணக்கம். உங்கள் வாதத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் ஹியூஸ் தப்பித்துக்கொண்டார் என்பதை ஏற்க முடியவில்லை. அந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதை அவரைவிடத் துல்லியமாகக் காட்டியவர்கள் குறைவு.

அதே படத்தில் மதிய உணவு வேளையைக் கவனியுங்கள். கிளேர் ஒரு பெட்டியைத் திறந்து சூஷி என்ற ஜப்பானிய உணவை அடுக்கி வைக்கிறாள். 1985ஆம் ஆண்டில் ஒரு பள்ளி மாணவியின் கையில் அது எத்தகைய செல்வச் செருக்கு என்பதை அன்றைய பார்வையாளர் எவரும் தவறவிட்டிருக்க மாட்டார்கள். ஆண்ட்ரூவின் பையிலிருந்து ஒரு குடும்பமே சாப்பிடும் அளவுக்கு உணவு வெளியே வந்துகொண்டே இருக்கிறது; உடம்பை வளர்த்து வெற்றி பெற வேண்டும் என்ற தந்தையின் கட்டளைதான் அது. பிரையனுக்கு அம்மா ஓரம் வெட்டிய ரொட்டியும், சூப்பும், பழச்சாறும் கட்டிக் கொடுத்திருக்கிறார். அலிசன் இறைச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, ரொட்டிக்கு நடுவே சர்க்கரைப் பொடியையும் காலை உணவுச் சீரியலையும் கொட்டி நொறுக்கித் தின்கிறாள். அந்த வீட்டில் அவளைக் கவனிப்பார் இல்லை. பெண்டரிடம் எதுவுமே இல்லை. அதை மறைக்கத்தான் அவன் பிரையனின் வீட்டைக் கேலி செய்து நடித்துக் காட்டி, பிறகு தன் வீட்டையும் நடித்துக் காட்டுகிறான். தந்தை சுருட்டால் சுட்ட தழும்பு அங்கேதான் வெளிப்படுகிறது. காலையில் இறங்கும்போதும் இதே கணக்குதான்: கிளேர் பிஎம்டபிள்யூ காரில் வந்து இறங்குகிறாள், பெண்டர் நடந்து வருகிறான்.

ஆக, குழு என்பது குணத்தால் அமைவது போலத் தோன்றினாலும், அடியில் இருப்பது வீடு என்பதைப் படம் மறைக்கவில்லை. சுவரை இடிக்கவில்லை என்று ஒரு படத்தைக் குறை சொல்வது எளிது. அந்தச் சுவரின் செங்கல்லை எண்ணிக் காட்டியதற்கு அதே படத்துக்கு மதிப்பளிக்க வேண்டாமா?

சிற்றோடை

தாழ்வாரம் அண்ணா சாப்பாட்டைப் பார்த்தார். நான் ஒப்பனையைப் பார்க்கிறேன். அலிசன் படம் முழுவதும் கருப்பு மை தீட்டிய கண்களோடும், முகத்தை மறைக்கும் முடியோடும் இருக்கிறாள். கடைசியில் கிளேர் அவளை ஓர் அறைக்குள் அழைத்துச் சென்று, முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, வெளிர் நிற உடையில் வெளியே அனுப்புகிறாள். அதன் பிறகுதான் ஆண்ட்ரூ அவளை வாய்பிளந்து பார்க்கிறான். அதுவரை அவன் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தான், அவள் மனத்தைத் தெரிந்துகொண்டும் இருந்தான். ஆனால் காதலுக்கு அது போதவில்லை. மேல்குழுவின் சீருடையை அணிந்த பின்னரே அவள் காதலிக்கத் தகுந்தவளாகிறாள் என்றால், இழையைத் தொடங்கியவர் சொன்னதுதான் உண்மை.

இதோடு 1986இல் வந்த 'பிரிட்டி இன் பிங்க்' படத்தின் ஆண்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கிளேராக நடித்த மாலி ரிங்வால்டுதான் இங்கே ஆண்டி. ஆண்டி பழைய துணிக்கடைகளில் வாங்கியவற்றை வெட்டித் தைத்துத் தானே உடை செய்துகொள்பவள். பள்ளி இறுதி நடனத்துக்கும் இரண்டு உடைகளை வெட்டி ஒன்றாகத் தைத்துக்கொண்டு போகிறாள். அந்த உடை அழகாக இருந்ததா என்று கேட்டால், எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் யாரோ ஒருத்தி துடைத்துவிட்ட முகத்தோடு அவள் போகவில்லை என்பது எனக்குப் போதும்.

வடக்குவீதி

சிற்றோடை 'பிரிட்டி இன் பிங்க்' படத்தைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கதை அனைவருக்கும் தெரிந்ததுதான். வேலையில் நிலைக்காத தந்தையோடு வாழும் ஆண்டி, பணக்கார வீட்டுப் பையன் பிளேனைக் காதலிக்கிறாள். பிளேன் அவளை நடனத்துக்கு அழைத்துவிட்டு, நண்பர்களின் ஏளனத்துக்கு அஞ்சி, முன்பே வேறொருத்தியை அழைத்திருந்ததை மறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். சிறு வயது முதல் ஆண்டியைச் சுற்றிச் சுற்றி வரும் டக்கி, அவள் பக்கத்து ஏழைப் பையன்.

ஹியூஸ் எழுதி ஹோவர்ட் டாய்ச் இயக்கிய அந்தப் படம் முதலில் வேறு விதமாக முடிந்தது. நடன மண்டபத்தில் ஆண்டியும் டக்கியும் சேர்ந்து ஆடுவதாகவே படமாக்கினார்கள். முன்னோட்டக் காட்சிக்கு வந்த பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவள் பிளேனோடு சேர வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். எனவே முடிவை மறுபடி எடுத்தார்கள். பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி அதற்குள் ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்திருந்ததால், பொய்முடி வைத்துக்கொண்டுதான் அந்த இறுதிக் காட்சியில் நின்றார். படத்தின் மிக முக்கியமான மன்னிப்பு, பொருந்தாத ஒரு பொய்முடியின் கீழ் நிகழ்கிறது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. டக்கிக்கு என்ன கிடைத்தது? தூரத்திலிருந்து ஒரு பெண் புன்னகைக்கிறாள். அவன் கேமராவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுப் போகிறான்.

பார்வையாளர்கள் குழு ஒழிய வேண்டும் என்று கேட்கவில்லை. அவளை மட்டும் மேலே ஏற்றிவிடுங்கள் என்று கேட்டார்கள்.

இரவுப்பணி

இவ்வளவு கசப்பு வேண்டியதில்லை. டக்கி அவளைக் காதலித்தான் என்பதற்காக அவள் அவனைக் காதலித்தாக வேண்டுமா? வாசலில் காவல் நின்று, தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்து, தெருத்தெருவாகச் சைக்கிளில் பின்தொடர்ந்து வருபவனுக்குப் பெண்ணைப் பரிசாகக் கொடுக்கும் படங்களை நாம் நம் மொழியில் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம். ஆண்டிக்குப் பிளேனைப் பிடித்திருந்தது. பார்வையாளர்கள் அவளுடைய விருப்பத்தைத்தான் வாக்காகப் போட்டார்கள் என்றும் வாசிக்கலாமே.

பனைநார்

இரவுப்பணி சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் படத்தில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பள்ளியில் இத்தகைய குழுக்கள் ஏன் தோன்றுகின்றன என்று சற்றுக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். சமூகவியல் படித்தவன் என்பதால் இந்தப் பக்கம் இழுப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியப்பான ஓர் ஒற்றுமை உண்டு. ஹியூஸ் தன் பதின்வயதில் சிகாகோவுக்கு வடக்கேயுள்ள நார்த்புரூக் என்ற ஊரில் வளர்ந்து, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தவர். அமெரிக்கப் பள்ளிக் குழுக்களைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளும் அதே இல்லினாய் மாநிலத்தில்தான் நடந்தன. ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949இல் வெளியிட்ட நூல், அம்மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் யாரோடு பழகுகிறார்கள், யாரோடு வெளியே போகிறார்கள் என்பதை அவர்களின் குடும்பத்தின் வர்க்கத்தோடு பொருத்திப் பார்த்தது. ஜேம்ஸ் கோல்மன் 1961இல் வெளியிட்ட 'தி அடாலசன்ட் சொசைட்டி' இல்லினாயின் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்தது. நீ எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய், சிறந்த மாணவனாகவா, விளையாட்டு வீரனாகவா, எல்லோருக்கும் பிடித்தவனாகவா என்று கோல்மன் பையன்களிடம் கேட்டார். விளையாட்டு வீரன் என்ற விடைதான் முந்தியது. படிப்பு ஒருவனை மற்றவனுக்குப் போட்டியாளனாக்குகிறது. பந்தாட்டமோ ஊர் முழுவதற்கும் வெற்றி தேடித் தருகிறது. ஆகவே பள்ளிச் சமூகம் முன்னவனைத் தட்டி வைக்கிறது, பின்னவனைத் தோளில் தூக்குகிறது என்பது அவருடைய விளக்கம். பிரையன் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை.

மூன்றாவது ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மொழியியலாளரான பெனலோப் எக்கர்ட் எண்பதுகளின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களோடு மாணவராகக் கிடந்து, 1989இல் 'ஜாக்ஸ் அண்ட் பர்ன்அவுட்ஸ்' என்ற நூலை எழுதினார். ஜாக்ஸ் என்போர் விளையாட்டு, மாணவர் மன்றம், இசைக்குழு என்று பள்ளியின் வாழ்க்கையையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்டு, அங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள். பர்ன்அவுட்ஸ் என்போர் பள்ளியைப் பொறுத்துக்கொண்டு, தெருவிலும் அக்கம்பக்கத்திலும் நட்பை வளர்த்து, ஆலை வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். இவர்கள் மோசமானவர்கள், அவர்கள் நல்லவர்கள் என்பதல்ல. அவரவர் போகப்போகும் இடத்துக்கு ஏற்ற பழக்கங்களை அவரவர் பள்ளியிலேயே பழகிக்கொள்கிறார்கள். உடையும் நடையும் உச்சரிப்பும்கூட அதன்படியே பிரிகின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பெண்டரின் கோபம் வேறு விதமாகத் தெரியும். கிளேர் போகிற கல்லூரிக்கு அவன் போகப்போவதில்லை. வைரத்தோடு ஒன்றால் அந்த இடைவெளி நிரம்பாது.

மூன்றாம்வரிசை

ஹியூஸைத் தவிர வேறு யாருமே எண்பதுகளில் பள்ளிப் படம் எடுக்கவில்லை என்பது போல இந்த இழை போகிறது. எனக்கு அவருடைய படங்களைவிட 1982இல் வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை' மேலானது. கேமரன் குரோ, மாணவர் போல மாறுவேடத்தில் கலிஃபோர்னியாப் பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பழகி எழுதிய நூலிலிருந்து அவரே திரைக்கதை அமைத்தார். எமி ஹெக்கர்லிங் இயக்கினார். அது அவருடைய முதல் முழுநீளப் படம்.

அந்தப் படத்தில் குழுக்கள் உணவு மேசையைச் சுற்றி உருவாவதில்லை, வேலையைச் சுற்றி உருவாகின்றன. பிள்ளைகளில் பலர் வணிக வளாகத்திலோ வேறிடத்திலோ ஏதோ ஒரு கடையில் பகுதிநேரமாக உழைக்கிறார்கள். பிராட் என்பவனின் மதிப்பு அவன் எந்தத் துரித உணவுக் கடையில் நிற்கிறான் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. வேலை போனதும் காதலியும் போகிறாள். கடல்கொள்ளையன் வேடத்தில் மீன் வறுவல் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலைக்கு அவன் இறங்கும் காட்சி நகைச்சுவைதான், ஆனால் சிரித்த பிறகு ஒரு மாதிரி இருக்கும்.

அவன் தங்கை ஸ்டேசிக்கு வயது பதினைந்து. அனுபவசாலி போலப் பேசும் டமோன் என்பவனால் அவள் கருவுறுகிறாள். கருக்கலைப்புக்குப் பாதிப் பணம் தருவதாகவும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகவும் சொன்னவன் வரவே இல்லை. அண்ணனிடம் வேறொரு காரணம் சொல்லிக் காரில் ஏறிக்கொள்கிறாள். அவன் அவளை இறக்கிவிட்ட பிறகு, அவள் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் மருத்துவமனைக்குள் போவதைப் பார்த்துவிடுகிறான். வெளியே வரும்வரை காத்திருந்து, யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறான், அவள் சொல்லவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை, சாப்பிட அழைத்துப் போகிறான். உரத்த வசனம் இல்லை, தண்டனை இல்லை, அறிவுரையும் இல்லை. எண்பதுகளின் பள்ளிப் படங்களில் அன்பு என்று நான் சுட்டிக்காட்டக்கூடிய காட்சி இதுதான். இது காதல் காட்சியே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே வந்த 'வேலி கேர்ள்' படத்தையும் மார்த்தா கூலிட்ஜ் என்ற பெண்தான் இயக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸின் புறநகர்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜூலியும், ஹாலிவுட் பகுதியில் பங்க் என்ற கலக இசைக் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞன் ராண்டியும் காதலிக்கிறார்கள். அங்கே ஜூலியைத் தடுப்பது பெற்றோர் அல்ல. அவர்கள் அறுபதுகளின் ஹிப்பிகள், எதற்கும் தடை சொல்லாதவர்கள். தடுப்பது அவளுடைய தோழிகள். இவனோடு போனால் எங்களோடு இருக்க முடியாது என்ற அவர்களுடைய மென்மையான மிரட்டலுக்குத்தான் அவள் முதலில் பணிகிறாள். குடும்பம் விட்டுவிட்ட காவல் வேலையைக் குழு எடுத்துக்கொண்டது.

கடலோரம்

சேர்வதும் சேராததும் பற்றி இவ்வளவு பேசுகிறோம். உள்ளே விடப்படாமலே போனவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஐவரும் வெள்ளையர்கள். ஐந்து பேர் ஐந்து உலகம் என்று நாம் வியக்கிறோம். ஆனால் அது ஒரே தோல் நிறத்துக்குள் அமைந்த ஐந்து உலகம்.

ஆசியர் ஒருவரை ஹியூஸ் முக்கியப் பாத்திரமாகக் கொண்டுவந்தபோது என்ன செய்தார் என்பதற்கு 1984இல் வெளிவந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' சாட்சி. லாங் டக் டாங் என்ற அயல்நாட்டு மாணவன் திரையில் தோன்றும்போதும் அவன் பெயர் சொல்லப்படும்போதும் சேகண்டி அடிக்கும் ஒலி கேட்கிறது. நடித்தவர் கெடி வாட்டனபே, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். அந்தப் படம் வந்த பிறகு பள்ளிகளில் படித்த ஆசியப் பையன்கள் எத்தனை பேர் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்கள் என்பதை அவர்களில் பலர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்கள். அதே படத்தில், எல்லாப் பெண்களும் ஏங்கும் நாயகன் ஜேக், குடித்து நினைவிழந்து கிடக்கும் தன் காதலி கரோலினை ஒரு சிறுவனிடம் காரோடு ஒப்படைத்து அனுப்புகிறான். காதல் படம் என்று நாம் கொண்டாடியதில் இதுவும் இருந்தது. ரிங்வால்டே 2018இல் 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையில், தன்னை ஆளாக்கிய இந்தப் படங்களில் ஒன்றான 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பைத் தன் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது ஏற்பட்ட சங்கடத்தை வெளிப்படையாகச் சொன்னார். பெண்டர் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்து கிளேரிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் அதில் குறிப்பிட்டிருந்தார். படங்களை அவர் தூக்கி எறியச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு சிறு பின்குறிப்பு. 'ஃபாஸ்ட் டைம்ஸ்' படத்தின் வணிக வளாகக் காட்சிகள் ஷெர்மன் ஓக்ஸ் கேலரியா என்ற இடத்தில் எடுக்கப்பட்டவை. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் நாயகி தேவி விஷ்வகுமார் படிப்பதும் அதே ஷெர்மன் ஓக்ஸில்தான். தேவி தமிழ்க் குடும்பத்துப் பெண்; நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ் வம்சாவளியினர். அதே ஊரில் நம் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்து அழகனைப் பார்த்து ஏங்கும் நாயகியாவதற்கு 38 ஆண்டுகள் ஆயின.

தாழ்வாரம்

கடலோரம் சொன்னதற்கு மறுப்பு இல்லை. வடக்குவீதி நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். காதல் ஒருவரை மட்டும் மேலே தூக்கிவிடுகிறது என்றால், 1987இல் வந்த 'கேன்ட் பை மீ லவ்' படத்தை எங்கே வைப்பீர்கள்? அங்கே மேலே போனவனே கீழே விழுகிறான்.

வடக்குவீதி

நல்ல கேள்வி, அந்தப் படத்தை நான் மிகவும் விரும்புகிறேன், தரத்தில் அது இரண்டாம் வரிசைதான் என்றாலும். புல்வெளி வெட்டிச் சேர்த்த பணத்தில் தொலைநோக்கி வாங்க நினைத்திருந்த ரொனால்ட் மில்லர், அதில் ஆயிரம் டாலரைப் பள்ளி அழகி சிண்டி மான்சினியிடம் கொடுத்து, ஒரு மாதம் தன் காதலியாக நடிக்கச் சொல்கிறான். அம்மாவின் விலை உயர்ந்த தோல் உடையைக் கேட்காமல் அணிந்து பாழாக்கிவிட்ட அவளுக்கு அந்தப் பணம் உடனே தேவை. ஒப்பந்தம் வேலை செய்கிறது. அவளோடு நடந்தான் என்ற ஒரே காரணத்தால் ரொனால்ட் பள்ளியின் பெரும்புள்ளி ஆகிறான்.

அதில் ஒரு காட்சி போதும், குழு என்பது என்ன என்று புரிந்துகொள்ள. விழாவில் ஆட வேண்டியிருப்பதால், தொலைக்காட்சியில் நடன நிகழ்ச்சி என்று நினைத்து எதையோ பார்த்துப் பழகிக்கொண்டு போகிறான்; அது உண்மையில் ஆப்பிரிக்கச் சடங்கு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம். மண்டபத்தில் அவன் அதை ஆடத் தொடங்கியதும் முதலில் எல்லோரும் திகைக்கிறார்கள். பிறகு, பெரும்புள்ளி ஆடினால் அது புதிய நடனமாகத்தான் இருக்கும் என்று மண்டபம் முழுவதும் அவனைப் பின்பற்றி ஆடுகிறது. ஓரமாக நிற்கும் அவனுடைய பழைய நண்பன் கென்னத்துக்கு மட்டும் அது என்ன நிகழ்ச்சி என்று தெரிகிறது. அறிந்தவனுக்கு மேடையில் இடமில்லை.

ரொனால்ட் விழுகிறான், உண்மைதான். ஆனால் விழுவதற்கு முன் அவன் கென்னத்தின் வீட்டு வாசலில் மலம் நிறைந்த பையை எறிகிறான். மேல்குழுவில் இருப்பதற்கான கட்டணம் அது. கடைசியில் சிண்டி அவனுடைய புல்வெட்டும் வண்டியின் பின்னால் ஏறிக்கொள்கிறாள். இந்த முறை அவள் கீழே இறங்கி வந்தாள் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஆனால் இறங்கி வந்தது அவள் ஒருத்திதான்.

இந்த வரிசையில் மிகவும் நேர்மையான படம் 'ஹெதர்ஸ்' என்றே நினைக்கிறேன். டேனியல் வாட்டர்ஸ் எழுத, மைக்கேல் லேமன் இயக்கி, 1989இல் அமெரிக்காவில் வெளியாகி, திரையரங்குகளில் தோற்று, வீடியோ நாடாவில் உயிர் பிழைத்த படம். ஹெதர் என்ற ஒரே பெயருடைய மூன்று பெண்கள் பள்ளியை ஆள்கிறார்கள். தலைவி ஹெதர் சாண்ட்லர் கொல்லப்படுகிறாள். அவள் தலையில் இருந்த சிவப்பு முடிக்கட்டை இரண்டாவது ஹெதர் எடுத்துக் கட்டிக்கொள்கிறாள். ஆள் போனாலும் நாற்காலி காலியாக இருப்பதில்லை. நாயகி வெரோனிகாவின் காதலன் ஜே.டி., வெவ்வேறு வகைப் பிள்ளைகள் உண்மையாக ஒத்துப்போகக்கூடிய ஒரே இடம் சொர்க்கம்தான் என்று சொல்லிப் பள்ளியையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்க்கிறான். காதல் சுவரை இடிக்கும் என்று மற்றப் படங்கள் இனிமையாகச் சொன்னதை, இந்தப் படம் வெடிகுண்டாகவே எடுத்துக் காட்டிக் கேலி செய்கிறது. வெரோனிகா அவனைத் தடுத்து நிறுத்திவிட்டு, அந்த முடிக்கட்டைத் தான் எடுத்துக்கொண்டு, எல்லோராலும் ஒதுக்கப்பட்ட மார்த்தாவிடம் போய், நடன இரவன்று சேர்ந்து படம் பார்க்கலாமா என்று கேட்கிறாள். இந்தப் படங்களில் குழுவைத் தாண்டும் அழைப்பு ஒன்று காதலனுக்குப் போகாமல் ஒரு தோழிக்குப் போவது இங்கேதான்.

இரவுப்பணி

அதே ஆண்டில் 'சே எனிதிங்' வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாய்டாக நடித்த ஜான் குசாக் இசைப்பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்கும் காட்சி அளவுக்கு மீறிப் புகழப்பட்டுவிட்டதால் மற்ற எல்லாம் மறைந்துபோயின. கேமரன் குரோ அந்தக் கதையைப் பள்ளி முடியும் நாளில் தொடங்குகிறார். முதல் மதிப்பெண் பெற்ற டயான் மேடையேறி, எதிர்காலத்தை எட்டிப் பார்த்தேன், திரும்பிப் போய்விடலாம் என்று நகைச்சுவையாகப் பேசுகிறாள். அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அவளுக்கு நண்பர்களே இல்லை என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்துவிடுகிறது. லாய்டு அவளைத் தொலைபேசியில் அழைப்பது அதற்குப் பிறகு.

பள்ளி முடிந்துவிட்டதால் குழுவும் முடிந்துவிட்டது; அவர்களைப் பிரிக்க வருவது டயானின் தந்தை. முதியோர் இல்லத்தில் தங்கியிருந்தவர்களின் பணத்தைத் திருடி மகளுக்காகச் சேர்த்து வைத்தவர் அவர் என்று தெரியவரும்போது, அவளை எல்லோருக்கும் மேலே நிறுத்திய ஏணி எதனால் செய்யப்பட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது. விற்பதும் வாங்குவதும் செய்து பிழைக்க மாட்டேன் என்று லாய்டு இரவு உணவின்போது அவரிடம் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள், அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

ஆக, வடக்குவீதி அவர்களே, உங்கள் வாதம் பள்ளி வளாகத்துக்குள் மட்டும் செல்லும். வாசலைத் தாண்டினால் வேறு கதை.

பனைநார்

வாசலைத் தாண்டினாலும் வர்க்கம் தாண்டாது என்பதைத்தான் எக்கர்ட் சொன்னார். ஆனாலும் இரவுப்பணியின் கருத்து அழகானது.

சிற்றோடை

ஒரு பாத்திரத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'பிரிட்டி இன் பிங்க்' படத்தின் முடிவு மாற்றப்பட்ட மறு ஆண்டே, ஹியூஸும் டாய்ச்சும் ஏறக்குறைய அதே கதையை ஆண் பெண் இடம் மாற்றி 'சம் கைண்ட் ஆஃப் ஒண்டர்ஃபுல்' என்று எடுத்தார்கள். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் கீத், பள்ளி அழகி அமண்டா ஜோன்ஸை விரும்புகிறான்; மேளம் வாசிக்கும் தோழி வாட்ஸ் அவனை விரும்புகிறாள். கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தை எடுத்து அவன் அமண்டாவுக்கு வைரத்தோடு வாங்குகிறான். இந்த முறை தோழிதான் வெல்கிறாள். தோடும் அவள் காதுக்கே போகிறது.

எல்லோரும் வாட்ஸுக்காகக் கைதட்டினார்கள். நான் அமண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஏழைப் பகுதியிலிருந்து வந்தவள்தான். ஹார்டி என்ற பணக்காரனின் காதலி என்பதால் மட்டுமே மேல்குழுவில் இடம் பெற்றவள். ஹார்டியை விட்டதும் அவளுடைய தோழிகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். தவறான காரணத்துக்காக ஒருவரோடு இருப்பதைவிட, சரியான காரணத்துக்காகத் தனியாக இருக்கிறேன் என்று கடைசியில் தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீத்தை வாட்ஸிடம் அனுப்பிவைக்கிறாள். டக்கிக்குக் கொடுத்தது போல அவளுக்கென்று ஒரு புன்னகையைக்கூடப் படம் ஒதுக்கவில்லை. லியா தாம்ப்சன் அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பதற்காகவாவது, பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வடக்குவீதி

பார்த்து நெடுநாள் ஆகிவிட்டது, சிற்றோடை. அமண்டா எந்தப் பகுதியில் வசிக்கிறாள் என்பதே என் நினைவில் தங்கவில்லை. இன்றிரவு பார்த்துவிட்டு எழுதுகிறேன்.